எடைமேடை, இரவு பதினொன்று பத்து

வேலந்தாவளத்தில் என் எடைமேடைக்குப்
பத்துக் கிலோவுக்குக் கீழே பார்வை கிடையாது.
இருபது டன் செங்கல்லைத் துல்லியமாய்ச் சொல்லும்.
டிரைவர் இறங்கி ஓரமாய் ஒன்றுக்குப் போனதைச் சொல்லாது.

பக்கத்து வீட்டு சோபிதா
கோட்டயத்துக்குக் கல்யாணத்துக்குப் போகையில்
கூண்டோடு தந்துவிட்டுப் போன முயலின் பெயர் வக்கீல்.
கறுப்பு உடம்பு, கழுத்தில் வெள்ளைப் பட்டை.
பெயருக்காக அவள் ரொம்ப யோசித்திருக்க மாட்டாள்.
"வைக்கோலும் புல்லும் எந்நேரமும் இருக்கணும்.
உருண்டைத் தீவனம் கொஞ்சம்போல, பரத்திப் போடுங்க."
பரத்தி என்ற சொல்லை நான்தான் மறந்தேன்.

வரிசையில் மூன்று லாரி. அவசரத்தில்
கிண்ணத்தில் குவித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ரசீது கிழிக்கையில் பார்த்தேன்:
ட்யூப்லைட்டை அண்ணாந்து பார்ப்பதுபோல் தலை.
கழுத்து நீண்டு நீண்டு
வேறொரு மிருகத்தின் கழுத்தாகியிருந்தது.
மூக்குத் துளை இரண்டும் விரிந்து,
எச்சில் வழிந்து வெள்ளைப் பட்டை நனைந்து,
முன்னங்கால் வாயை வாயைத் தட்டியது.
சத்தம் இல்லை.
இருமினால் எனக்குப் புரியும். அழுதாலும் புரியும்.
வக்கீல் தன் வழக்கில்
ஒரு வார்த்தை பேசவில்லை.

கொழிஞ்சாம்பாறை டாக்டர் ஜிஷா
நாலாவது ரிங்கில் எடுத்தாள். தூக்கக் குரல்.
"காற்று போகுன்னுண்டோ?"
என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி
அதன் மூக்கில் வைத்தேன்.
மங்கவில்லை.
உதடு நாவற்பழம் தின்ற நிறம்.
அவள் குரல் எழுந்து உட்கார்ந்தது.
"வாயில் விரல் இடருது!"
போடாதே என்றாள் அவள் மொழியில்.
விரல் இடறுகிறது என்று என் காதில் விழுந்தது.
இரண்டும் சரி. விரலை எடுத்துவிட்டேன்.

பிறகு சொன்னதெல்லாம் கைகளுக்கு மட்டும் கேட்டது.
வயிறு என் முன்கையில், தலை உள்ளங்கையில்,
மறு கை முதுகின்மேல் இறுக்கமாய்.
ஜன்னல் கண்ணாடியை இரண்டு பலகைக்கு நடுவே
லாரியில் ஏற்றுவோமே, அப்படி.
முதுகெலும்பு நெளியக் கூடாது,
உதறினால் அதன் முதுகை அதுவே முறித்துக்கொள்ளும்.
தலை கீழ்நோக்க, தோள் உயரத்திலிருந்து
ஒரே சீரான வீச்சு, முழங்கால்வரை.
ஒன்று.
வெளியே தேங்காய் லாரி ஹாரன்.
இரண்டு.
ஹாரன். "அண்ணா, ரசீது!"
மூன்றாவதில்
ஊறி உப்பிய ஓர் உருண்டை
என் செருப்பின்மேல் விழுந்தது.
பச்சைப் பட்டாணி அளவு.
இதை எடைபோட ஊரில் எந்தக் கருவியும் இல்லை.

மூச்சு வந்தது. அடைத்த குழாயில்
முதலில் துருவும் பிறகு நீரும் வருமே, அதுபோல.
"பிழைத்துவிட்டது" என்றேன்.
"இப்பொழே கொண்டுவா" என்றாள். துணுக்கு ஏதும்
நுரையீரலுக்குள் போயிருந்தால்
நாளையோ மறுநாளோ தெரியுமாம்.
ஹாரன் அடித்தவனே கதவைத் திறந்தான். பெயர் அந்தோணிக்கனி.
செக்போஸ்ட்டில் டார்ச் அடித்து
"என்ன சரக்கு?" என்றார்கள்.
"வக்கீல்" என்றான் அவன்.
சிரிப்பு எனக்கு எட்டு கிலோமீட்டர் கழித்துத்தான் வந்தது.

இரண்டு மணிக்குத் திரும்பினோம்,
ஊசி போட்ட இடம் மழித்த வட்டத்தோடு.
மேடை காலி. சும்மா ஏறி நின்றேன்.
அறுபது என்றது. என் எடை அறுபத்துநாலு;
நாலை அது எப்போதும் விழுங்கிவிடும்.
கூண்டிலிருந்து அவனை எடுத்து
மார்போடு அணைத்து மறுபடி ஏறினேன்.
ஒன்றே முக்கால் கிலோ முயல்.
எழுபது என்றது.

அச்சடித்த சீட்டு சட்டைப்பையில் இருக்கிறது.
வண்டி எண் இல்லை.
நிகர எடை: பத்துக் கிலோ.
சோபிதா வந்ததும் முதலில் இதைக் காட்டுவதா,
மழித்த வட்டத்தைக் காட்டுவதா தெரியவில்லை.
தரையில் தீவனத்தை
ஒவ்வொன்றாய்ப் பரத்திக்கொண்டிருக்கிறேன்.